குப்பையிலுள்ள தாமிரமும் விருதுநகர் ஜில்லாவும்

வெங்காயச் சருகின்மேல் கரியைத் தூவினாற்போல் படர்ந்திருக்கும் பூசணத்தைப் பாராதவர் நம் நாட்டில் இருக்க முடியாது. சரக்கில் ஈரம் பட்டுவிட்டதென்றால் விருதுநகர் மண்டிக்காரர் முதலில் அஞ்சுவது பூசணத்துக்கே. கெடுப்பதொன்றையே தன் தொழிலாகக் கொண்டதென்று நாம் தூற்றிவந்த இந்தக் கரும்பூசணம், உபயோகமற்றவை என்று எறியப்பட்ட கணினிகளிலும் கைப்பேசிகளிலும் புதைந்து கிடக்கும் தாமிரத்தையும் ஈயத்தையும் நிக்கலையும் கரைத்து வெளியே கொணரவல்லது என்பதை, ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜூரிக் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2001-ஆம் வருஷத்தில் அளந்து வெளியிட்டார்கள். வறண்ட நிலத்தையும் வெடிமருந்தையும் நம்பிப் பிழைக்கும் விருதுநகர் ஜில்லாவைப் போன்ற ஓர் இடத்துக்கு இதனால் ஆகக்கூடியது என்ன, ஆகாதது என்ன என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் குப்பையின் மதிப்பை அறியவேண்டும். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் உலகம் முழுவதிலும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரிக்கப்பட்டு மீட்கப்பட்டது நூற்றுக்கு 22 பங்குதான். நம் தேசத்தில் 2021-22-ல் 16 லட்சம் டன் சேர்ந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. இக்கழிவில் மிகவும் மதிப்புள்ள அங்கம், கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் இருக்கும் மின்சுற்றுப் பலகை. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தாமிரமாக இருப்பதுண்டு. பூமியைத் தோண்டி எடுக்கும் தாமிரக் கல்லிலோ இன்று நூற்றுக்கு ஒரு பங்கு கிடைத்தாலே அதிர்ஷ்டம். தங்கத்தின் கதையும் இதுவே. நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்து இறங்கிய கோலார் சுரங்கத்தில் கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் தங்கமே தேறிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். ஒரு டன் பழைய கைப்பேசியிலோ ஏறத்தாழ 300 கிராம் தங்கம் இருக்கிறது. அந்தச் சுரங்கத்தை நாம் மேஜை இழுப்பறைக்குள் பூட்டிவைத்திருக்கிறோம்.

தாமிரத்தைப் பற்றி நம் ஜில்லாக்காரர்களுக்கு ஒரு தனி ஞாபகம் உண்டு. பக்கத்து ஜில்லாவான தூத்துக்குடியில் தாமிர உருக்காலையை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த ஜனங்களில் 13 பேர் 2018 மே மாதத்தில் போலீஸார் சுட்டதில் உயிர் துறந்தார்கள். ஆலை மூடப்பட்டது. அதன்பின் தாமிரத்தை வெளியே அனுப்பிவந்த நம் தேசம் வெளியிலிருந்து வாங்கும் தேசமாயிற்று. உருக்காலை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இன்றுவரை வழக்காடி வருகிறார்கள். அந்த வழக்கில் புகுவது இங்கே நம் நோக்கமன்று. மின்சாரமும் மோட்டாரும் பெருகப் பெருகத் தாமிரத்தின் தேவையும் பெருகும். வானளாவிய புகைபோக்கி இல்லாமல் அதைப் பெறும் வழி ஒன்று உண்டானால், அதை ஆராயாமல் விடுவது தேச நலத்துக்கு ஏற்றதன்று என்பதுமட்டும் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இன்று அந்தக் குப்பையிலிருந்து உலோகம் எப்படி எடுக்கப்படுகிறது? டில்லியில் ஸீலம்பூரிலும், ஐக்கிய மாகாணம் என்று முன்னாளில் வழங்கிய உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத்திலும் ஏழை ஜனங்கள் அதைச் செய்துவருகிறார்கள். பலகையைத் தணலில் காட்டி உருகும் ஈயத்தை வடிப்பார்கள். மிஞ்சியதைத் தொட்டியில் இட்டுத் திராவகத்தை ஊற்றுவார்கள். கம்பியின் மேலுறையை எரித்துத் தாமிரத்தை எடுப்பார்கள். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. எரியும் பிளாஸ்டிக்கின் நஞ்சு நுரையீரலுக்குள் போகிறது. எஞ்சிய திராவகம் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. பெண்களும் குழந்தைகளும் இவ்வேலையில் ஈடுபட்டிருப்பது பலமுறை வெளியாகியிருக்கிறது. முதலாளிக்குக் கிடைப்பது உலோகம், தொழிலாளிக்குக் கிடைப்பது இருமல் என்ற இந்த ஏற்பாட்டுக்கு மாற்று உண்டா என்பதே விஷயத்தின் உயிர்நாடி.

பூசணம் செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள ரஸாயன சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டு அடுக்களையைக் கவனித்திருந்தால் போதும். கறுத்த பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கினால் அது பளிச்சிடுகிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரையோ புளிக்குழம்பையோ வைத்தால் களிம்பு ஏறிவிடும் என்று நம் பெண்மக்கள் அறிவார்கள். புளிப்பு என்பது ஓர் அமிலம். அது செம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. களிம்பு என்று நாம் அஞ்சி ஒதுக்குவது அப்படிக் கரைந்த செம்பே. கரும்பூசணத்துக்குச் சர்க்கரைப் பாகைக் கொடுத்தால் அது அப்பாகை உண்டு எலுமிச்சையிலுள்ள ஸிட்ரிக் அமிலத்தையும், குளுகோனிக், ஆக்ஸாலிக் என்னும் வேறு இரு அமிலங்களையும் வெளிவிடுகிறது. பொடியாக்கிய பலகையை அதில் இட்டு வைத்தால் குடத்தில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்கிறது. உலோகம் நீரில் கரைகிறது. பிளாஸ்டிக்கும் கண்ணாடி நாரும் கரையாமல் அடியில் தங்குகின்றன. கரைந்த தாமிரத்தை, பள்ளிக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியைப் போட்டுக் காட்டுவதுபோல இரும்பின்மேல் படியச் செய்யலாம். மின்சாரம் செலுத்தியும் எடுக்கலாம். உலை வேண்டாம், புகையும் இல்லை.

இந்தப் பூசணம் தொழிலுக்குப் புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் உலகத்துக்கு வேண்டிய ஸிட்ரிக் அமிலம் இத்தாலி தேசத்து எலுமிச்சைத் தோட்டங்களிலிருந்தே பெரும்பாலும் கிடைத்துவந்தது. அத்தேசத்தார் வைத்ததே விலை. 1917-ல் ஜேம்ஸ் கர்ரி என்னும் அமெரிக்க விஞ்ஞானி, கரும்பூசணம் சர்க்கரையிலிருந்து அதே அமிலத்தை ஏராளமாகச் செய்கிறதென்று கண்டார். இரண்டு வருஷத்துக்குள் அமெரிக்காவில் தொழிற்சாலை ஏற்பட்டது. எலுமிச்சை ஏகபோகம் சரிந்தது. இன்று குளிர்பானத்திலும் மிட்டாயிலும் நாம் சுவைக்கும் புளிப்பு பெரும்பாலும் பூசணம் தந்ததே. தோட்டம் உடையவன் ஆட்சியைத் தொட்டியில் வளர்ந்த பூசணம் ஒழித்ததென்பது, அந்நிய ஏகபோகத்தால் அடிபட்டு விழித்த நம் போன்ற தேசத்தார் மனத்திலிருத்தத் தக்க வரலாறு.

ஜூரிக் விஞ்ஞானிகளின் அளவைக்கு வருவோம். கரும்பூசணத்தையும் பெனிஸிலியம் இனத்துப் பூசணம் ஒன்றையும் அவர்கள் சோதித்தார்கள். கழிவுத் தூளிலிருந்த அலுமினியம், நிக்கல், ஈயம், துத்தநாகம் ஆகியவற்றில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேலும், தாமிரத்திலும் வெள்ளீயத்திலும் 65 பங்கும் கரைந்து வந்தன. 2016-ல் அமெரிக்காவின் தென் ஃபுளோரிடா சர்வகலாசாலையார், மின்னேற்றும் பாட்டரிகளின் தூளிலிருந்து, பூசணம் தரும் அமிலங்களைக் கொண்டு லித்தியத்தில் 85 பங்கு வரையிலும், கோபால்ட்டில் 48 பங்கு வரையிலும் பிரித்தெடுக்கலாம் என்று தெரிவித்தார்கள். இவை ஆராய்ச்சிக் கூடத்துக் குடுவையில் கண்ட எண்கள். ஆலையில் கண்டவை அல்ல. இதை மறைத்துப் பேசும் கம்பெனிப் பிரசுரங்களை வாசகர்கள் நம்பவேண்டியதில்லை.

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூசணத்தின் அமிலத்துக்குத் தங்கம் அசையாது. புளிபோட்டுத் துலக்கியதனால் தாலி கரைந்துபோனதுண்டா? தங்கத்துக்குச் சயனைடு விஷத்தைச் சொந்தமாகவே சுரக்கும் வேறொரு வகைப் பாக்டீரியாவை நாடவேண்டும். சிங்கப்பூர் தேசிய சர்வகலாசாலையில் 2014-ல் அதைச் சீர்ப்படுத்தி, முதலில் தாமிரத்தை நீக்கிவிட்டுப் பிறகு அதை ஏவியும், கிடைத்தது இருந்த தங்கத்தில் கால் பங்குக்கும் குறைவு. ஆகவே பூசணத்தை வைத்துத் தங்கம் எடுக்கிறோம், பங்கு வாங்குங்கள் என்று எவரேனும் நம் ஊர்களுக்கு வந்தால் வந்த வழியே அனுப்பிவிடுவது உத்தமம். பூசணத்தின் பண்டம் தாமிரம். தாமிரம் முதலியவை நீங்கிய பின் மிஞ்சும் தூளில் தங்கம் செறிந்து நிற்கும். அதைப் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நல்ல விலைக்கு விற்கலாம். சிறு தொழிலுக்கு அதுவே போதுமான லாபம்.

இனி, நம் ஜில்லாவுக்கு உரிய கணக்கு. பூசணம் அவசரப்படாது. திராவகம் சில மணி நேரத்தில் செய்வதை அது வாரக் கணக்கில் செய்யும். ஜூரிக்கில் சோதனைக்கு மூன்று வாரம் பிடித்தது. அன்றியும் கழிவுத் தூளின் நஞ்சு பூசணத்தையே கொல்லும். ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் தூள் என்ற அளவில்தான் அது செம்மையாக வளர்ந்தது. அந்த அளவில் ஒரு டன் தூளைக் கரைக்க ஒரு லட்சம் லிட்டர் நீர் வேண்டும். ஒரு லட்சம் லிட்டர் என்றால் பத்துத் தண்ணீர் லாரி! குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரியின் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தாய்மார்களிடம் போய் இந்த யோசனையைச் சொல்லும் தைரியம் எந்தத் தலைவருக்கு உண்டு?

நல்லவேளையாக அவ்விஞ்ஞானிகளே பரிகாரமும் காட்டியிருக்கிறார்கள். பூசணத்தைத் தூளோடு சேர்த்து வளர்க்காமல், தனித் தொட்டியில் பாகு கொடுத்து வளர்த்து, அமிலம் ஊறிய நீரைமட்டும் வடித்துத் தூளின்மேல் விடுவது அது. பூசணத்தை நஞ்சு தீண்டுவதில்லையாதலால் லிட்டருக்கு 100 கிராம் தூள் வரை இடலாம். பத்து லாரி ஒரு லாரியாகிறது. உலோகத்தை நீக்கிய பின் அதே நீரை மறுபடியும் பாகு கலந்து பூசணத்துக்குத் திருப்பும் ஏற்பாடும் கைகூடினால் அந்த ஒரு லாரியும் பலமுறை உழைக்கும். இது கைகூடுமா என்பதை ஜூரிக்கில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. நம் வெயிலில், நம் கிணற்று உப்பு நீரில், கரும்பாலையின் கழிவுப் பாகில் செய்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இத்தகைய சோதனைக்கு விருதுநகர் ஜில்லா எவ்விதத்தில் தகுதியுடையது என்று சிலர் கேட்கலாம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியபோதும் இதே கேள்வி எழுந்திருக்கும். ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டி நம் சந்தைகளை நிறைத்திருந்த காலம் அது. மழை பொய்த்த பூமியில், காய்ந்த காற்றையே மூலதனமாக்கி, தீப்பெட்டியும் பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலுமாக ஓர் ஊர் எழுந்து நின்றது. இன்று தேசத்தில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இவ்வட்டாரத்துச் சரக்கென்று சொல்லப்படுகிறது. பச்சை ஒளிக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், வெள்ளை வெடிக்கு அலுமினியத் தூள் என்று உலோகங்களின் குணத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடிய தொழிலாளர்கள் இங்கே இருக்கிறார்கள். சரம் பின்னியும் திரி செருகியும் பழகிய விரல்களுக்குப் பலகையிலிருந்து சின்னஞ்சிறு உறுப்புக்களைக் கழற்றுவது கடினமான வேலையாகாது. உயிரியலும் ரஸாயனமும் போதிக்கும் கல்லூரிகள் விருதுநகரிலும் சிவகாசியிலும் கிருஷ்ணன்கோவிலிலும் நடைபெற்று வருகின்றன.

தகுதி மட்டுமன்று, தேவையும் உண்டு. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பட்டாசில் பேரிய உப்புக்களைத் தடை செய்தது. ஆலைகள் சில மாதம் மூடிக் கிடந்தன. 2021-லும் 2023-லும் அத்தடையைக் கோர்ட் உறுதிப்படுத்திற்று. டில்லிவாசிகள் சுவாசிக்கும் காற்றுக்கு நாம் பகைவர் அல்லோம். ஆயினும் ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னும் ஒரு தீர்ப்பை எதிர்பார்த்து நெஞ்சு பதைக்கும் நிலை லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு நேர்ந்திருக்கிறது. தொழில் நடந்தாலோ வேறொரு பதைப்பு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அதற்குப் பின்னும் விபத்துக்கள் நின்றபாடில்லை. தீயின் அருகில் உட்காராமல் கூலி பெறும் வேலை ஒன்று இவ்வட்டாரத்துக்கு வருமானால் அதன் அருமை இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும்.

ஆனால் இரண்டு அபாயங்களை இப்போதே சொல்லிவைக்கிறோம். முதலாவது நிலத்தடி நீர். பட்டாசில் சேரும் பெர்குளோரேட் என்னும் உப்பு சிவகாசி வட்டாரத்துக் கிணறுகளில் இறங்கியிருப்பதை 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17-ல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அப்போது குடிநீருக்கு வகுத்திருந்த 15 மைக்ரோகிராம் என்ற எல்லையை அது தாண்டியிருந்தது. ஒரு மாதிரியில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். மதுரையில் எடுத்த மாதிரி ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. அந்த உப்பையும் தின்று சாதாரண உப்பாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டென்பது வேறு கதை. அதையும் யாராவது இங்கே கையிலெடுக்கவேண்டும். ஒரு முறை கெட்ட இந்த நீரில் ஈயமும் நிக்கலும் கரைந்த அமிலத்தை விடுவோமானால் அது துரோகம். உயிர் செய்யும் வேலையாதலால் தீங்கில்லை என்று எண்ணுவது மூடத்தனம். எலுமிச்சை அமிலத்தில் கரைந்தாலும் ஈயம் ஈயமே.

இரண்டாவது அபாயம் தீ. லித்தியம் பாட்டரியை நசுக்கினாலும் குத்தினாலும் அது தானே பற்றி எரியும். பட்டாசுக் கிட்டங்கிகள் நிறைந்த ஊரில் பாட்டரியை உடைக்கும் கொட்டகை ஒன்றை வைப்பதைக் காட்டிலும் மதியீனம் வேறில்லை. இவ்வட்டாரத்துக்கு வரவேண்டியது மின்சுற்றுப் பலகை மட்டுமே. பாட்டரி வேறு ஜில்லாவுக்குப் போகட்டும். பலகையை அரைக்கும்போது எழும் தூசியிலும் ஈயம் உண்டாதலால் அரைக்கும் யந்திரத்தை மூடிய அறையிலேயே வைக்கவேண்டும்.

பணத்துக்கு வழியில்லாமல் இல்லை. குப்பையிலிருந்தும் பழைய பாட்டரியிலிருந்தும் அருமையான தாதுக்களை மீட்பதற்கென்று 1,500 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய மந்திரி சபை 2025 செப்டம்பரில் அங்கீகரித்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறியவர்களுக்கும் புதிதாய்த் தொடங்குபவர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பங்கு யாருக்குப் போகப்போகிறது என்பதே கேள்வி. பெயரளவில் சிறியதாகவும் பின்புலத்தில் பெரியதாகவும் உள்ள கம்பெனிகள் மனுவோடு முன்வரிசையில் நிற்கும் என்பதை அறிய ஜோசியம் வேண்டியதில்லை.

சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. 2022-ல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், பொருளைச் செய்பவர், விற்பனைக்குக் கொணர்பவர், பழுது நீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்ற நால்வரையே பதிவு செய்துகொள்கின்றன. தெருத் தெருவாகப் போய்ப் பழைய சாமான் வாங்கும் மனிதனுக்கும், அவன் கொண்டுபோய்க் கொடுக்கும் காயலான் கடைக்கும் அதில் இடமில்லை. உண்மையில் நம் ஊர்க் கழிவு முழுவதும் கைமாறுவது அங்கேதான். அவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆலை கட்டினால் ஆலைக்குப் பலகை வராது. சரக்கு மூட்டை கட்டிக்கொண்டு மொராதாபாத்துக்கே ரயிலேறும்.

ஆகையால் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்களும், பார்லிமெண்டு அங்கத்தினர்களும், தொழிலாளர் சங்கத்தாரும் கட்சி வேற்றுமையை ஒதுக்கிவைத்துச் சர்க்காரிடம் கேட்கவேண்டியது பெரிய ஆலை அன்று. கல்லூரிகளில் ஒன்றைச் சார்ந்து, ஒரு தடவைக்கு ஒரு டன் பலகைத் தூளுக்கு மேற்படாத ஒரு சோதனை நிலையம். அதில் வேலைக்குப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்தினர். பலகை கொண்டுவரும் காயலான் கடைக்காரருக்கு எடை போட்டு அன்றன்றே பணம். இவ்வளவே முதலில் வேண்டுவது. அந்நிலையத்தின் தொட்டிகளுக்குக் கீழும், சுற்றிலும் ஒரு மைலுக்குள் உள்ள கிணறுகளிலும் மாதந்தோறும் நீரை எடுத்து, அதில் ஈயமும் நிக்கலும் பெர்குளோரேட்டும் எவ்வளவு என்பதை எண்ணாக எழுதிப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், எல்லோரும் படிக்கும்படி தமிழில் ஒட்டவேண்டும் என்ற நிபந்தனையை அனுமதிப் பத்திரத்தின் முதல் ஷரத்தாகச் சேர்க்கச் செய்யவேண்டும்.